முதல் ஆய்வுக் கட்டுரையை எங்கே அனுப்புவது? போலி இதழ்களிடம் சிக்காமலிருக்க ஒரு வழிகாட்டி

"மேடம், அக்செப்டன்ஸ் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே நூலகத்துக்குள் வந்தாள் அந்த மாணவி. பொருளியலில் பிஎச்.டி., மூன்றாம் ஆண்டு. முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பம்மா அனுப்பினே?"

"நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு. காலையில ஆறு மணிக்கெல்லாம் மெயில் வந்துருச்சு மேடம்."

ஏழு மணி நேரம். கட்டுரை இருபத்திரண்டு பக்கம், அதில் நான்கு அட்டவணைகள். இரண்டு மதிப்பாய்வாளர்கள் படித்துப் பாராட்டியதாக அந்த மெயில் சொன்னது. என்ன பாராட்டினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பத்தியில், 24 மணி நேரத்துக்குள் 2,800 ரூபாய் அனுப்பினால் இந்த மாத இதழிலேயே வந்துவிடும் என்று எழுதி ஒரு ஜிபே எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர் வந்தது.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் நான் இந்தக் காட்சியைப் பல முறை பார்த்துவிட்டேன். சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்க இரண்டு மாதம்தான் இருக்கும், கைடு "பேப்பர் போட்டாச்சா?" என்று தினமும் கேட்பார், வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு லிங்க் போடுவார்கள். மூன்று வருட உழைப்பு அந்த லிங்க்கில் போய் விழுந்துவிடும். அப்படி விழ வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் கட்டுரை எழுதுகிறவர்களை மனதில் வைத்து, அவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

போலி இதழ் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பணம் வாங்குகிற இதழெல்லாம் போலி அல்ல. புதிதாக ஆரம்பித்த இதழும், இணையதளம் சுமாராக இருக்கிற சிறிய கல்லூரி இதழும்கூடப் போலி ஆகிவிடாது. துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, யாரும் படிக்காமலே காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுகிறதே, அதுதான் போலி. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் 2010 வாக்கில் இவற்றுக்கு 'பிரெடேட்டரி ஜர்னல்ஸ்' என்று பெயர் வைத்தார். வேட்டையாடும் இதழ்கள் என்று பொருள். அவர் தொகுத்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் நகல்கள் இன்னும் உலவுகின்றன. ஆனால் அவை பழையவை. அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இது எவ்வளவு ஆழமான பிரச்சினை என்று காட்ட இரண்டு சோதனைகளைச் சொல்ல வேண்டும். 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததாக ஒரு பொய்க் கட்டுரையை எழுதினார். வேதியியல் படித்த எவரும் படித்த உடனே தூக்கிப்போடும் அளவுக்குப் பிழைகளை வேண்டுமென்றே வைத்தார். இல்லாத நிறுவனங்களின் பெயர்களைப் போட்டு 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. முடிவுகளை 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. 2015-இல் போலந்து ஆய்வாளர்கள், அன்னா ஓ. சுஸ்ட் என்ற கற்பனைப் பெண் ஒருவருக்குப் பொய்யான தகுதிகளை எழுதி, அவரை இதழாசிரியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் சேர்த்துக்கொண்டன. போலந்து மொழியில் 'ஓசுஸ்ட்' என்றால் மோசடிக்காரர் என்று அர்த்தம். ஆசிரியர் குழுவில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தால் மட்டும் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது?

இதழ் தேடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதைத் தொடர்ந்து வைத்திருக்கின்றன. சில இடங்களில் ஸ்கோபஸ் என்ற சர்வதேசத் தரவுத்தளத்தில் உள்ள இதழ்தான் வேண்டும் என்கிறார்கள், சில இடங்களில் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எனவே நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு, அச்சடித்த தாளாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னார் என்பது போதாது. அவருக்கு வேறு விதி இருந்திருக்கலாம்.

'யுஜிசி கேர் லிஸ்டட்' என்று இன்னமும் முகப்பில் போட்டுக்கொள்ளும் இதழ்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யுஜிசி 2017-இல் ஒரு அங்கீகாரப் பட்டியல் வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களை ஆராய்ந்து 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 88 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்றது அது. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அப்புறம் அதற்குப் பதிலாக யுஜிசியின் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் யுஜிசி கைவிட்டுவிட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டு, என்னென்ன பார்க்கலாம் என்று சில அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறது. ஆக, 'இப்போதும் கேர் பட்டியலில் இருக்கிறோம்' என்று ஒரு இதழ் விளம்பரம் செய்தால், அது ஒன்றே போதும், விலகிவிடுங்கள்.

உங்கள் மேற்கோள் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்

என்னிடம் வரும் ஆய்வாளர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்களுடைய கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை. நீங்கள் யாரைப் படித்து இந்தக் கட்டுரையை எழுதினீர்களோ, அவர்கள் எந்த இதழ்களில் எழுதினார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பெயர் மூன்று நான்கு முறை வருகிறது? அந்த இதழின் வாசகர்கள்தான் உங்கள் வாசகர்கள். நாற்பது மேற்கோள் உள்ள கட்டுரையில் இப்படி ஐந்தாறு இதழ்களாவது தேறும். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால், இதழ் தேடும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஐந்தாறையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடந்த இரண்டு ஆண்டு இதழ்களின் உள்ளடக்கப் பக்கத்தை மேலோட்டமாகப் பாருங்கள். உங்களுடையது போன்ற தலைப்பு வருகிறதா, இந்தியத் தரவை வைத்து எழுதியவர்கள் இருக்கிறார்களா, கட்டுரைகள் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள். இரண்டு மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். பிறகு மூன்றை மட்டும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு கைடிடம் பேசுங்கள். இந்த வேலையைக் கட்டுரை முடிந்த பிறகு செய்யாமல், எழுத ஆரம்பிக்கும்போதே செய்துவிட்டால் கட்டுரையின் அமைப்பையே அந்த இதழுக்கு ஏற்றபடி வைக்கலாம். கடைசி நேரப் பதற்றமும் குறையும். போலி இதழ்கள் பிழைப்பது அந்தப் பதற்றத்தை நம்பித்தான்.

ஒரு நேரத்தில் ஒரு இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து அனுப்பி எது முதலில் வருகிறதோ பார்ப்போம் என்று நினைத்தால், அது நெறிமீறல். தெரியவந்தால் மூன்றிலும் நிராகரிப்பார்கள்.

இதழைச் சோதிப்பது

தேர்ந்தெடுத்த இதழோ, யாராவது பரிந்துரைத்த இதழோ, எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். அந்த மாணவியை உட்கார வைத்து நூலகக் கணினியில் நாங்கள் செய்ததையே சொல்கிறேன்.

முதலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை எடுத்தோம். எட்டு இலக்கம். "நம்பர் இருக்கு மேடம், கவர்மென்ட் கொடுத்ததுதானே?" என்று கேட்டாள். ஐஎஸ்எஸ்என் என்பது இதழின் அடையாள எண், அவ்வளவுதான். இந்தியாவில் டெல்லியில் உள்ள தேசிய அறிவியல் நூலகம் விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. பைக்குக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகாதே, அப்படித்தான். புத்தகங்களுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணும் அப்படியே, நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. கருத்தரங்கில் படித்த கட்டுரைகளை ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுத்துப் போட்டுவிட்டு, இதுவும் பப்ளிகேஷன்தான் என்று சொல்லிக் காசு கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. அதை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கத்தை யாரும் காசில்லாமல் பார்க்கலாம், சந்தா தேவையில்லை. அதில் பெயரைப் போட்டபோது ஒரு இதழ் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. ஐஎஸ்எஸ்என் போட்டபோது எதுவும் வரவில்லை. பட்டியலில் இருந்தது வேறு இதழ். பெயரில் ஒரே ஒரு சொல் வித்தியாசம். 'ஜர்னல் ஆஃப்' என்பதற்கு முன்னால் 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்திருந்தார்கள். எனவே எப்போதும் எண்ணை வைத்தே தேடுங்கள். இதழ் பட்டியலில் இருந்தால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். தரம் குறைந்ததால் ஸ்கோபஸ் பாதியில் நிறுத்திய இதழ்களும் அங்கே தெரியும். நிறுத்திய பிறகும் 'ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு' என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இதேபோல் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் இதழ்களை, அதை நடத்தும் கிளாரிவேட் நிறுவனத்தின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்டில் தேடலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ் என்றால் டிஓஏஜே பட்டியலில் பாருங்கள். அவர்கள் ஒவ்வொரு இதழையும் விண்ணப்பம் வாங்கிச் சரிபார்த்துத்தான் சேர்க்கிறார்கள். 2016-இல் மறுவிண்ணப்பம் செய்யாத 3,000-க்கும் மேற்பட்ட இதழ்களை ஒரே நேரத்தில் நீக்கினார்கள். எந்தப் பட்டியலானாலும் அந்தப் பட்டியலின் தளத்துக்கே போய்ப் பாருங்கள். இதழின் முகப்பில் ஒட்டியிருக்கும் லோகோவை யாரும் எங்கிருந்தும் எடுத்து ஒட்டலாம்.

இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) விஷயத்தில் நம் ஊர் ஆய்வாளர்கள் ஏமாறுவது அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இம்பாக்ட் ஃபேக்டர் என்று சொல்லத் தகுதியுள்ளது கிளாரிவேட் ஆண்டுதோறும் ஜூன் மாதம் வெளியிடும் அறிக்கையில் வருவது மட்டும்தான். முன்னே குளோபல், யுனிவர்சல், காஸ்மோஸ், எஸ்ஜேஐஎஃப் என்று ஏதாவது அடைமொழி இருந்தால் அது வேறு யாரோ போட்டுக் கொடுத்த எண். 2023-இல் வந்த அறிக்கையிலிருந்து கிளாரிவேட் ஒரே ஒரு தசம இலக்கம்தான் தருகிறது. ஆகவே இந்த வருட இம்பாக்ட் ஃபேக்டர் 7.429 என்று ஒரு மெயில் பெருமை பேசினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

அடுத்து ஆசிரியர் குழு. பெயர்கள் இருக்கும், படங்கள் இருக்கும். அதில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போங்கள். இந்த இதழில் இருப்பதாக அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் ஒரு மெயில் போடுங்கள். கூச்சப்படாதீர்கள். நாங்கள் எழுதிய இருவரில் ஒருவர் அன்று மாலையே பதில் போட்டார்: என் பெயரை எடுக்கச் சொல்லிப் பலமுறை எழுதிவிட்டேன், அவர்கள் எடுக்கவில்லை, தயவுசெய்து அங்கே அனுப்பாதீர்கள் என்று.

கடைசியாக, அந்த இதழின் பழைய கட்டுரைகளைப் படியுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரே இதழில் கால்நடை மருத்துவம், ஆங்கிலக் கவிதை, கான்கிரீட் வலிமை, ஜிஎஸ்டி எல்லாம் அடுத்தடுத்து வந்தால், அத்தனை துறைக்கும் மதிப்பாய்வாளர்கள் அங்கே எப்படி இருப்பார்கள்? ஒரு மாத இதழில் முந்நூறு கட்டுரைகள் இருந்தால் அவற்றை யார் படித்தார்கள்? ஏதாவது ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) எடுத்துத் தேடுங்கள். அந்தக் கட்டுரைக்கே போகிறதா, அல்லது எங்கும் போகாமல் நிற்கிறதா? டிஓஐ வேலை செய்வதால் இதழ் தரமானது என்று ஆகாது. ஆனால் வேலை செய்யவில்லை என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகை ஏமாற்றும் உண்டு. உண்மையான, பழைய, மதிப்புள்ள ஒரு இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி வேறு ஒரு தளம் அமைத்துவிடுவார்கள். எண்ணைச் சோதித்தாலும் சரியாகவே வரும். இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் 2022 முதல் வைத்திருக்கிறது, தேடிப் பாருங்கள். அச்சு இதழ் உங்கள் நூலகத்திலோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலோ இருந்தால், அதன் அட்டையில் உள்ள தள முகவரியோடு ஒப்பிடுங்கள்.

பெரிய நிறுவனம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் போக முடியாது. ஹிந்தாவி என்ற இதழ் வெளியீட்டு நிறுவனத்தை வைலி 2021-இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் இதழ்களின் சிறப்பிதழ்கள் வழியாகக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் நுழைந்தது தெரியவந்து, 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது. நேர்மையாக எழுதியவர்களின் கட்டுரைகளும் அந்த இதழ்களில் இருந்தன என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விருந்தினர் ஆசிரியர் ஒருவர் சிறப்பிதழுக்கு எழுதச் சொல்லி அழைத்தால், அவர் உங்கள் துறையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

காசு

வெளியீட்டுக் கட்டணம் இல்லாமல் நல்ல இதழில் எழுதவே முடியாது என்று நம் ஆய்வாளர்கள் பலர் நம்புகிறார்கள். அது தவறு. எல்செவியர், ஸ்பிரிங்கர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் போன்றோரின் சந்தா இதழ்கள் பெரும்பாலானவற்றில் கட்டுரை எழுதியவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும் வழி) வேண்டுமா என்று கேட்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம், லட்சக்கணக்கில்கூடப் போகும். வேண்டாம், சந்தா வழியிலேயே போகட்டும் என்று தேர்ந்தெடுத்தால் கட்டணம் இல்லை. படிவத்தில் அந்த இடம் வரும்போது நிதானமாகப் படித்து டிக் செய்யுங்கள். அவசரத்தில் தவறாக டிக் செய்துவிட்டு இன்வாய்ஸைப் பார்த்துப் பயந்துபோய் ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டிலேயே, படிக்கிறவரிடமும் வாங்காமல் எழுதுகிறவரிடமும் வாங்காமல் நடக்கும் நல்ல இதழ்கள் இருக்கின்றன. பெங்களூரில் 1934-இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் அகாதமியின் 'பிரமாணா', 'சாதனா' போன்றவற்றில் எழுதக் கட்டணம் இல்லை. மரபு அறிவு பற்றி எழுதுகிறவர்கள் டெல்லியில் சிஎஸ்ஐஆரின் நிஸ்பர் நிறுவனம் நடத்தும் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் டிரெடிஷனல் நாலெட்ஜ்' இதழைப் பார்க்கலாம். இலங்கை ஆய்வாளர்களுக்கு அந்நாட்டு இதழ்களை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன் தளம் இருக்கிறது.

கட்டணம் வாங்கும் நல்ல இதழ் அதை முன்கூட்டியே, எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்திருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கேட்கும். பணம் போக வேண்டிய கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ரசீது வரும். சலுகை கேட்டு எழுதினால் பதில் சொல்வார்கள். நிதியியல், பொருளியல் இதழ்கள் சில சமர்ப்பிக்கும்போதே சிறிய கட்டணம் வாங்குவதுண்டு; அது பொதுவிதிக்கு விலக்கு. மற்றபடி, கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும் முன்பே காசு பேசுகிறவர்களிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத்தின் ஆமிக்ஸ் என்ற இதழ் வெளியீட்டு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-இல் தொடுத்த வழக்கில் இவையெல்லாம்தான் குற்றச்சாட்டு: மதிப்பாய்வு செய்கிறோம் என்றது பொய், கட்டணத்தை மறைத்தார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற விடவில்லை. 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது.

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஸ்கோபஸ் க்யூ2, செகண்ட் ஆத்தர் பொசிஷன் அவைலபிள்' என்று வரும் விளம்பரங்கள் இதைவிட மோசம். வேறு யாரோ எழுதிய கட்டுரையில் உங்கள் பெயரை விலைக்கு வாங்குவது அது. இன்றைக்குத் தெரியாமல் போகலாம். ஐந்து வருடம் கழித்து அந்தக் கட்டுரை நீக்கப்படும்போது, வேலையில் இருக்கும் உங்கள் பெயரும் அதோடு சேர்ந்து வெளியே வரும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தானாக வரும் மெயில்கள்

'டியர் எமினென்ட் ரிசர்ச்சர், கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே' என்று ஆரம்பித்தால் அழித்துவிடுங்கள். உங்கள் முந்தைய கட்டுரையைப் படித்து வியந்ததாகச் சொல்லும். தலைப்பை மட்டும் காப்பி செய்து ஒட்டியிருப்பதால் எழுத்துரு மாறியிருக்கும். சங்க இலக்கிய நீர் மேலாண்மை பற்றி எழுதியவருக்கு ஹைட்ராலிக் பொறியியல் இதழிலிருந்து அழைப்பு வந்ததை நானே பார்த்தேன். தெரியாத இதழ் உங்களைத் தேடி வந்தால் அதற்குக் காரணம் உங்கள் மெயில் முகவரி எங்கோ கிடைத்தது என்பதுதான்.

ஆய்வேடு சோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் இணையதளம்) ஏறியதும் இன்னொரு வகை மெயில் வரும்: உங்கள் ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடுகிறோம், செலவே இல்லை என்று. யாரும் படித்துத் திருத்த மாட்டார்கள். நீங்கள் கொடுத்த பிடிஎஃப் அப்படியே அட்டை போட்டு, நம் ஊரில் யாரும் வாங்க முடியாத விலைக்கு இணையக் கடையில் ஏறும். அதைவிட முக்கியம், பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். பிறகு நல்ல பதிப்பகம் ஒன்று வந்து கேட்டால் கொடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

புத்தகமாகவே வர வேண்டும் என்றால், பதிப்பகம் கைப்பிரதியைத் துறை வல்லுநர் இருவருக்காவது அனுப்பிக் கருத்து வாங்குகிறதா என்று கேளுங்கள். அவர்கள் போட்ட புத்தகங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கின்றனவா என்று வேர்ல்ட்கேட் என்ற உலக நூலகப் பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழக அச்சகங்கள், ஓரியண்ட் பிளாக்ஸ்வான், பெர்மனன்ட் பிளாக் போன்றோர் இப்படி நடக்கிறவர்கள். தென்னிந்தியா பற்றி எழுதுகிறவர்களுக்கு 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடுகள் இருக்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

தமிழ்த்துறை மாணவர்களின் சிரமம் வேறு. தமிழ் ஆய்விதழ்களில் மிகச் சிலவே பெரிய பட்டியல்களில் இருக்கின்றன. அதனால் பட்டியலை வைத்துத் தமிழ் இதழை அளக்க முடியாது. ஆட்களை வைத்தும் பழைய இதழ்களை வைத்தும்தான் அளக்க வேண்டும். தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்றவை வெளியிடும் இதழ்களின் பழைய பிரதிகளை எடுத்து ஒரு நாள் உட்கார்ந்து புரட்டுங்கள். ஒரு கட்டுரையில் மூலநூல் எப்படி மேற்கோள் காட்டப்படுகிறது, பாடவேறுபாடு எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்த்தாலே தரம் கைக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் கைக்கு வரும் புது இதழை அதோடு ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழை நிறைந்த, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லாத பாடல்கள் நிறைந்த கட்டுரைகளை வெளியிடும் இதழ், கட்டணம் ஐந்நூறு ரூபாய்தான் என்றாலும், உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கனவே சிக்கிவிட்டால்

பயப்படாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். முதலில் கைடிடம் சொல்லுங்கள். காசு கட்டவில்லை, பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால் நிலைமை நன்றாகவே இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதமில்லை என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். காரணம் விளக்க வேண்டாம். திரும்பப் பெறுவதற்குக் கட்டணம் கேட்பார்கள், வழக்குப் போடுவோம் என்பார்கள். கட்டாதீர்கள். எல்லா மெயில்களையும் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பும்போது நடந்ததைக் கட்டுரையோடு வைக்கும் கவர் லெட்டரில் நேர்மையாக எழுதுங்கள். இதழாசிரியர்களுக்கு இது புதிதல்ல, புரிந்துகொள்வார்கள்.

கட்டுரை வெளியாகியே விட்டதென்றால், அதை அப்படியே இன்னொரு இடத்தில் போட முடியாது. புதிய தரவு, புதிய பகுப்பாய்வு சேர்த்து வேறு கட்டுரையாக எழுதி, பழையது இருப்பதைக் குறிப்பிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பழையதை உங்கள் தகுதிப் பட்டியலில் பெருமையாகப் போடுவதை விட்டுவிடுங்கள்.

அந்தப் பொருளியல் மாணவி அன்றே என் பக்கத்தில் உட்கார்ந்து மெயில் போட்டாள். நான்கு நாள் தொடர்ந்து போன் வந்தது. ஒருவர் கெஞ்சினார், இன்னொருவர் மிரட்டினார், கட்டணத்தை 1,500 ஆகக் குறைப்பதாகவும் சொன்னார். பிறகு நின்றுவிட்டது. அவளுடைய மேற்கோள் பட்டியலில் ஐந்து முறை வந்த இதழுக்கு அதே கட்டுரையை அனுப்பினோம். கட்டணம் இல்லை. முதல் பதில் வர நான்கு மாதம் ஆனது. பெரிய திருத்தம் தேவை என்று இரண்டரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார் மதிப்பாய்வாளர். அதில் மூன்றாவது குறிப்பு, அட்டவணை 2-இன் கடைசி வரியில் கூட்டுத்தொகை தவறாக இருக்கிறது, ஒருமுறை சரிபாருங்கள் என்றது. நானும் அவளும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.